கண்டெடுத்தவர் பெயர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எழுதுகிற கை அழுகிப் போகட்டும். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிசுபிசுப்பு இருந்த இடத்தில் பிசுபிசுப்பு என்றே எழுதியிருக்கிறேன்.

பஸ்ஸில் தொலைந்த பொருட்களைத் தேடித்தரும் இணையதளம் அது. பயணிகள் குடை, பை, கண்ணாடி என்று தட்டுவார்கள். கிடங்கில் இருந்தால் 'இருக்கிறது' என்று பதில் போகும். இல்லாவிட்டால், தேடல்களெல்லாம் பதிவாகும் லாக் கோப்பில் பிழை என்று ஒரு வரி விழும். அந்த வரிகளைப் படித்து, எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று துழாவுகிறவரை ஆபீசில் மோப்பக்காரர் என்பார்கள். வீட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடியை மனைவிதான் தேடித்தர வேண்டும், அது வேறு விஷயம்.

அன்று காலை பதினோரு மணிக்குப் பார்த்தால், ஒரே வரி ஆயிரம் தடவைக்கு மேல் விழுந்திருந்தது.

'தேடிய பொருள்: சுண்டுவிரல் நகம். கிடைக்கவில்லை.'

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தார். ஆனால் விளையாடுகிறவன் பதினோரு விநாடிக்கு ஒரு தடவை, தூங்குகிறவன் மூச்சுவிடுவது போல ஒரே சீராக, விடிந்ததிலிருந்து விளையாடிக்கொண்டிருக்க மாட்டான். யாரோ மென்று துப்பியதைத் தன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது போல நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மேனேஜர் வந்து நின்றார். மனைவியின் சொந்தத் தம்பி. அக்கா புருஷனுக்கு வேலை போட்டுக்கொடுத்ததை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

"அத்தான், அஞ்சு மணிக்கு பஸ் கம்பெனிக்காரங்க லாக்கைப் பாக்குறாங்க. ஒரு பிழை இருந்தாலும் ஒப்பந்தம் போச்சு. கூடவே உங்க வேலையும். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

"எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்ப்பா."

"அதை சாவகாசமா பாருங்க. கிடங்குப் பட்டியல்ல நகம்னு சும்மா ஒரு பதிவு போட்டு வைங்க. இருக்குன்னு பதில் போயிடும், வாய மூடிடும்."

தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். மோப்பக்காரரும் போட்டார். 'கண்டெடுத்தவர் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரவில்லை. தன் பெயரையே போட்டார்.

பிழை நின்றது.

பன்னிரண்டு மணிக்கு, கீபோர்டில் ஒரு எழுத்தின்மேல் விரல் வழுக்கியது. பார்த்தார். இடது சுண்டுவிரலில் நகம் இல்லை. வலியில்லை, ரத்தமில்லை, ஊறிப்போன தோல் போல வெளுத்த சதை, அதன்மேல் சளி மாதிரி ஒரு பூச்சு. சட்டையில் துடைத்தார். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. நகத்தின் பதிவைத் திறந்தார். 'உரியவர் பெற்றுக்கொண்டார்' என்றிருந்தது.

லாக்கில் புது வரி. 'கடைவாய்ப் பல். கிடைக்கவில்லை.'

இந்தத் தடவை அவர் பதிவு போடவில்லை. வரியின் கடைசியில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு போனார். வெளியூர் இல்லை, வெளித்தெருகூட இல்லை. இதே கட்டடம், வெள்ளையடிப்பதற்காகக் காலிசெய்து வைத்த மூன்றாம் மாடி. அங்கே சுவரோரம் போன நீலக் கேபிளைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பெயின்ட் வாசனை போகப்போக மங்கி, அதற்கடியிலிருந்து பல நாள் அலசாத துடைப்பத்துணியின் வாடையும், அடைத்த சாக்கடையின் வாடையும், அவற்றுக்கும் அடியில் காலையில் பல் விளக்காத வாயின் வெதுவெதுப்பான வாடையும் வந்து முகத்தில் ஒட்டின. கேபிளும் விரலுக்கடியில் ஈரமாகிக்கொண்டே வந்தது. கழிவறைக்குள் நுழைந்தது. வாஷ்பேசினில் ஏறியது.

எந்தக் கம்ப்யூட்டரிலும் சொருகவில்லை. தண்ணீர் போகிற ஓட்டைக்குள் இறங்கியிருந்தது.

இழுத்தார். முடிக்கற்றையும் கொழகொழப்புமாக ஒரு முழம் வந்தது.

பிறகு உள்ளேயிருந்து இழுத்தது.

போன் அடித்தது.

"அத்தான், எங்க போனீங்க? பல்லுன்னு ஒண்ணு வந்துச்சு. நானே பதிவு போட்டுட்டேன்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். நான் என்னத்த கண்டெடுத்தேன்?"

வாய்க்குள் ஏதோ சரிந்தது. துப்பினார். வெறும் கோழை. கடைவாயில் நாக்கைவிட்டால் குழி, வழவழவென்று.

"இப்ப நாக்குன்னு வருது. என்ன கண்றாவியோ. அதையும் போட்டுடறேன், கடைசியா இருக்கும்."

"வேணாம்டா! உன் கால்ல விழறேன், போடாத–"

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது, கன்றுக்குட்டி மாதிரி.

ஓட்டையின் விளிம்பை ஒரு நகம் பிறாண்டியது. அவர் நகம். முடிக்கற்றை ஒதுங்கியது. சாம்பல் நிற ஈறு. அதில் ஒரே ஒரு பல், அவர் பணம் கொடுத்து வெள்ளி அடைத்த பல். ஈறு பிளந்தது. உள்ளே, சுருண்டு, சூடாக, புதுசாக ஒன்று அசைந்தது.

"அத்தான்," என்றது, அவர் குரலில் சொல்லிப் பார்ப்பது போல.

மறுநாள் என் எதிரே உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், இதையெல்லாம் தன் வாயாலேயே என்னிடம் சொன்னவர் மோப்பக்காரரேதான்.