நாடியுறை

காலையில் எழுந்ததும் ஜெரோம் பாலை அடுப்பில் வைத்தான். அது பொங்குவதற்குள் இடது காலின் நாடியுறையைக் கழற்றி, அதன் குடுவையில் சேர்ந்திருந்த புண்நீரைக் கொட்டிக் கழுவி, மறுபடி மாட்டினான். காப்பியோடு உட்கார்ந்தான். உறை துடிக்கத் தொடங்கியது.

துறைமுகத்தில் நின்றே வேலை பார்த்து, நாளங்கள் கெட்டு, கணுக்காலில் வந்த புண். பழைய உறிஞ்சு கருவிகள் ஆற்றினாலும் திரும்பத் திறந்துகொள்ளும். இப்போது பொருந்துகிற ஒருவரின் செல்களை அறுவை சிகிச்சையில் புண்ணுக்குள் பதிக்கிறார்கள். அந்தத் தோல், கொடுத்தவரின் நாடித்துடிப்பில் அழுத்தம் கிடைத்தால்தான் வளரும். அதனால் அவர் நாடியைப் பதிவுசெய்து உறையில் ஏற்றுவார்கள். புண் மூடியதும் உறையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்தவருக்காக நாடி அழிக்கப்படும்.

ஜெரோமுக்குத் தோல் கொடுத்தவள் அவன் மனைவி பிரிஸ்கா. பதிவின்போது அவள் காதில் அவன் ஏதோ சொல்ல, சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. தினமும் காப்பி ஆறும் நேரத்தில் உறை சட்டென்று வேகமெடுத்து, தடுமாறி, அடங்கும். சாலை விபத்தில் அவள் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. பதிவின்போது என்ன சொன்னோம் என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

செவிலி லீலாபாய் வந்தார்.

"எனக்குக் காப்பி கெடையாதா? சரி, காலக் காட்டு."

உறையைக் கழற்றியதும் அவர் முகம் மாறியது.

"போன வாரம் மூடிட்டு வந்துச்சே. இது தானா பிஞ்சது இல்ல. நகம் பட்டிருக்கு."

அவன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"உறையக் கேப்பாங்கன்னுதான?"

"அழிச்சிருவாங்கல்லாக்கா. ஒரு நகல் எடுக்க முடியாதா?"

"சட்டம் விடாது. செத்தவங்க நாடிய வச்சுக்கிட்டு, புண்ண ஆறவிடாம எத்தன பேரு காலையே எடுக்க வேண்டியதாச்சு, தெரியுமா?"

"போனா போவுது."

"கிறுக்கா! நீ நோண்டுனது ஒன் தோல இல்ல. அவ தோல. அவளோடதுல உசுரோட மிச்சம் கெடக்கது இது ஒண்ணுதான்."

குனிந்து பார்த்தான். புண்ணின் ஓரத்தில் வளர்ந்திருந்த தோல் அவன் நிறமில்லை, கொஞ்சம் கறுப்பு. பிறகு தன் விரல்களைப் பார்த்தான். அவர் போனதும் நகங்களை ஒட்ட வெட்டினான்.

பங்குனி பிறக்குமுன் புண் மூடியது. லீலாபாய் உறையைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காப்பி ஆறியது. கால் சும்மா இருந்தது.

குளிக்கப் போனவன் வழக்கம்போல இடது காலைத் தண்ணீர் படாமல் தள்ளி வைத்துக்கொண்டான். இனி அப்படி வைக்கத் தேவையில்லை என்று தெரிந்தும் வைத்தான். விபத்து நடந்த அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து பிரிஸ்கா சொன்னாள்:

"காலை நனைச்சிராதிய. துண்டு கதவுக்குப் பின்னால கெடக்கு."