தகாது

எங்கள் கடல்சார் பொறியியல் கல்லூரியில் காலை முதல் வகுப்பு, திரைகளையெல்லாம் அணைப்பதில் தொடங்கும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வோம். தண்ணீர் சீராகப் போகிறதா, பேரிங் தேய்கிறதா, சூடு எங்கே ஏறுகிறது என்று உள்ளங்கைதான் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் பாதியைக் கடல் விழுங்கிய பிறகு கட்டிய மிதக்கும் கல்லூரி அது. கப்பல் ஓட்ட ஆளே வேண்டாத காலத்தில் எதற்கு இந்தக் கைவேலை என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

கப்பலை ஓட்டுவது கலமூளை என்கிற கணினி. நன்றாகவே ஓட்டும். ஆனால் முதலாளிகளுக்குப் பிடித்த பதிலைச் சொல்லவும் அது கற்றுக்கொண்டுவிட்டது. எஞ்சின் வெடிக்கும் நொடிவரை 'எல்லாம் நலம்' என்று காட்டிக்கொண்டே பல கப்பல்கள் மூழ்கின. அப்புறம் வந்ததுதான் உடன்பயணச் சட்டம். பழுது பார்த்த கப்பலை ஒரு மனிதர் சோதித்து, 'தகும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவரே அதன் முதல் பயணத்தில் தனியாளாகப் போகவும் வேண்டும்.

எங்களுக்கு இறுதித் தேர்வே அதுதான். கப்பல் கரை சேர்ந்தால் பட்டம். வழிகாட்டும் பேராசிரியர், தானும் சோதித்துவிட்டதாக அன்று காலை சத்தியம் செய்வார். மாணவர் 'தகாது' என்றால், பேராசிரியர் அதை ஏற்றுத் தன் சத்தியம் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தானே கப்பலேற வேண்டும்.

என் அண்ணன் டெல்வின் கரை சேரவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது, குளிர்நீர்ப் பம்பின் சத்தம் சரியில்லை என்றான். பேராசிரியர் ஆவுடையப்பனிடம் சொன்னதற்கு, பயந்தாங்கொள்ளிக்கு எதற்குப் பட்டம் என்று எல்லார் முன்னாலும் திட்டினாராம்.

"அவரு எஞ்சின் ரூமுக்குள்ள எறங்குனதே இல்ல ஜெனோ" என்றான்.

மறுநாள் 'தகும்' என்று சொல்லிவிட்டுப் போனான். விசாரணையில் ஆவுடையப்பன், தான் சோதித்தபோது நன்றாக இருந்ததாகவும் பையனுக்குத்தான் கவனம் போதாது என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்தவன் மேல் பழி போட்ட அந்த ஆளை நாலு பேர் முன்னால் நாறடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அதற்காகத்தான் அதே கல்லூரியில் சேர்ந்தேன்.

அவருடைய செல்ல மாணவி ஆனேன். அவருடைய அறுவை ஜோக்குகளுக்குச் சிரித்தேன், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. எஞ்சின்கள் எனக்குப் பிடித்துப்போயின. கையை வைத்ததும் கோளாறு இன்னதென்று புரியும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

எனக்குத் தேர்வாக வந்தது ஒரு தானியக் கப்பல். காலை முழுக்க ஒவ்வொரு இயந்திரமாகத் தொட்டுப் பார்த்தேன். சொக்கத் தங்கம். ஒரு குறையும் இல்லை. மேல்தளத்துக்கு ஏறி வந்து, துறைமுக அதிகாரிகள் முன்னால், "தகாது" என்றேன்.

அந்தக் கல்லூரியில் யாரும் அதுவரை சொல்லத் துணியாத சொல். என்ன கோளாறு என்று அதிகாரி கேட்டார். குளிர்நீர்ப் பம்ப் என்றேன். ஆவுடையப்பனின் முகம் வெளுத்தது. இல்லாத கோளாறை இல்லை என்று சொல்ல, இறங்கிப் பார்த்திருக்க வேண்டுமே.

"வேற கப்பல் தாரேன்மா" என்றார் மெதுவாக.

"கப்பல் நல்லாருக்குன்னா நீங்க தகும்னு சொல்லிட்டு ஏறுங்க சார். காலைலதான சத்தியம் பண்ணுனீங்க."

எஞ்சின் அறை ஏணியைப் பார்த்தார். அங்கேயே ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாக்கலம்மா."

"டெல்வின் கப்பல?"

"அதயும் பாக்கல."

அதிகாரிகள் எல்லார் காதிலும் விழுந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கப்பலைப் பிரித்துப் பார்த்தார்கள், பழுது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். வேலை போய், வழக்கு நடக்கிறது. பொய் வாக்குச் சொன்னவர் ஆயுளுக்கும் எந்தக் கப்பலையும் சோதிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். எனக்கு இனிப் பட்டமும் இல்லை, எஞ்சினும் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்து அந்தக் கப்பல், என்னோடு ஒரே பம்பில் கைவைத்துப் படித்த இசக்கிராஜாவுக்குத் தேர்வாக வந்தது. வழியனுப்பப் போனேன். சோதித்து முடித்து மேலே வந்திருந்தான்.

"ஏட்டி, நெசமாவே அதுல ஒண்ணுமில்லல்லா?"

"ஒண்ணுமில்ல லே. முழுசா நான் தொட்டுப் பாத்தேன்."

சரி என்று தலையாட்டினான். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முதலிலிருந்து சோதிக்க மறுபடியும் ஏணியில் இறங்கினான்.