புறவாசல் குழாய்

அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. ஆனாலும் அந்தி நேரத்து மகரிப் தொழுதுவிட்டு அஃப்ரா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது, புறவாசல் குழாயில் காற்று வந்தது. எட்டிப் பார்த்தாள். தூசி வடிகட்டுவதற்காகக் குழாயின் வாயில் அவள் கட்டியிருந்த வெள்ளைத் துணி, சின்னப் பை போல உப்பி நின்றது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. புதிதாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. உப்பிய துணி தளர்ந்து தொங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லாமல் இருந்தது. பிறகு, யாரோ உள்ளிருந்து மெல்ல இழுப்பதுபோல், துணி குழாயின் வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது.

குழாய்த் தண்ணீரை நம்பி வளர்ந்தவர்களுக்குக் காற்று வருவதன் கணக்கு தெரியும். வால்வை மூடியபின், மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களில் மிச்சத் தண்ணீர் வடிந்து, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது வருகிற தண்ணீர் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் முதலில் ஒரு சீறல், பிறகு ஒரு இருமல், பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கொப்புளிப்பு, அதற்கும் பிறகுதான் தண்ணீர். இருட்டில் படுத்துக்கொண்டே அந்தச் சத்தங்களை வரிசையாகக் கேட்டு, எந்த நேரத்தில் எழுந்து குடத்தை மாற்றினால் சரியாக இருக்கும் என்று சொல்லிவிடுகிற பெண்கள் அவள் பிறந்த தெருவில் இருந்தார்கள். உள்ளே இழுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தெருவில் யாராவது திருட்டுத்தனமாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், அடுத்த வீட்டுக் குழாய் காற்றை இழுக்கும். யாரோ மோட்டார் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் மறுபடியும் காற்று வந்தது. மறுபடியும் உள்ளே போனது. மோட்டார் அப்படி விட்டு விட்டு இழுக்காது.

மேலப்பாளையத்துச் சந்து வீட்டை விட்டு அவர்கள் இங்கே வந்ததே மகளுக்காகத்தான். ஆறு வயது ஸமீஹாவுக்குக் கைக்குழந்தையிலிருந்தே வீசிங். அது மூச்சை இழுக்க முடியாத நோய் என்றுதான் பலரும் நினைப்பார்கள். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே விளக்கியிருந்தார். நெஞ்சுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கிச் சுருங்கும்போது, உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. இருக்கிற காற்றை விட முடியாத பிள்ளை புதுக்காற்றை எங்கே வாங்கும்? தூசியில்லாத இடமாகப் பாருங்கள் என்றார். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜீஷான், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு, பைபாஸுக்கு அப்பால் பாளையங்கால்வாய் பாய்ந்த வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த பகுதியில் இந்த வீட்டைக் கட்டி முடித்தான்.

வந்த வாரத்திலேயே வீசிங் நின்றுவிட்டது. விசில் சத்தம் இல்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவது இல்லை. இன்ஹேலர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. "கண்ணு படப் போவுது, யாருகிட்டயும் சொல்லாத புள்ள" என்று ஜீஷான் ஃபோனில் சிரித்தான்.

அவள் யாரிடமும் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. புறவாசல் குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் தண்ணீர் வந்தது. சில்லென்று, கல்கண்டு போட்டது போன்ற ருசியில், நடவு முடிந்த வயலின் மணத்தோடு. முன்வாசல் குழாயிலிருந்துதான் ஒப்பந்தக்காரர் இதற்கும் கிளை பிரித்திருப்பார் என்று அவள் எண்ணியிருந்தாள். தனக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் வருகிறது என்று எந்தத் தெருவில் யார் வெளியே சொல்வார்கள்? சொன்னால் பக்கத்து வீட்டுக் குடங்கள் வரிசையில் நிற்கும். விஷயம் தெரிந்து ஆள் வந்து அடைத்துவிட்டுப் போவார்கள். அவள் சத்தமில்லாமல் இரண்டு டிரம் வாங்கி, பிடித்து மூடிவைத்தாள். குடிக்கவும் அதுதான். ஸமீஹாவுக்கு வேறு தண்ணீர் இறங்கவே இறங்காது.

துணி உள்ளே இழுக்கப்பட்ட மறுநாள் மாலை, அவள் மகளைத் தேடிப் புறவாசலுக்கு வந்தாள். ஸமீஹா குழாயின் முன்னால் குத்துக்காலிட்டு, காதைத் துணியோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத?"

"கேக்கேன் உம்மா."

"என்னத்தக் கேக்க?"

"அது மூச்சு விடுது. நான் விட்டா அதுவும் விடுது. நிப்பாட்டுனா அதுவும் நிப்பாட்டுது." பிள்ளை பெருமையாகச் சிரித்தாள். "பாரேன்."

மூச்சைப் பிடித்தாள். கன்னங்கள் உப்பின. துணி அசையவில்லை. முருங்கை இலைகள் அசைந்தன, கொடியில் காய்ந்த சட்டை அசைந்தது, துணி மட்டும் அசையவில்லை. ஸமீஹா 'ப்பூ' என்று மூச்சை விட்டாள். துணி உப்பியது.

அஃப்ரா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பிள்ளை தூங்கிய பிறகு பக்கத்தில் படுத்து, நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. ஆனால் அது சின்னப் பிள்ளையின் மூச்சு இல்லை. நீளமாக, ஆழமாக, பளு தூக்கிய ஆண்பிள்ளை மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. ஜன்னலுக்கு அப்பால், அதே நேரத்தில் ஏறி, அதே நேரத்தில் இறங்கியது இன்னொன்று.

காலையில் அவள் மதில் ஓரமாக நின்று பக்கத்து வீட்டுப் பாக்கியவதி டீச்சரைக் கூப்பிட்டாள். பாளையங்கோட்டைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த மனைகளில் முதன்முதலாக வீடு கட்டிக் குடிவந்தவர்.

"டீச்சர், நம்ம தெருவுல யாராவது மோட்டார் போடுதாவளா?"

"மோட்டாரா? மெயின் ரோட்டுல பைப்பு மாத்துதாவன்னு இந்த வாரம் பூரா லைனையே அடைச்சிருக்காவளேம்மா. நானே லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடக்கேன். ஒனக்குத் தண்ணி இருக்கா?"

அஃப்ரா இரண்டு டிரம்களையும் நினைத்துக்கொண்டாள். நேற்று நிரம்பியவை. இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சொன்னாள். டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு சுற்றி வந்து, குழாயைத் தள்ளி நின்று பார்த்தார்.

"இங்கன ஒரு பம்புசெட்டுக் கெணறு இருந்துச்சு" என்றார். "நல்ல தண்ணி. வயக்காட்ட மனை போடும்போது ஒரே நாள்ல மூடிட்டாவ. மோட்டாரைக் கழட்டுததுக்கு உள்ள ஒரு ஆளை எறக்கியிருந்தாவ. டிப்பர் லாரி வரிசையா வந்து நிக்கி. ஒருத்தன் கொட்டுனான், பின்னாலயே அடுத்தவன் கொட்டுனான்."

"அந்த ஆளு?"

"ஏறிட்டான்னுதான் சொன்னாவ." டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். எறங்குனதப் பாத்தேன்."

மதியமே பிளம்பர் மாரிராஜை வரவழைத்தாள்.

"எங்கள எல்லாரும் தண்ணி வரலன்னுதான்க்கா கூப்பிடுவாவ. தண்ணி வருது, அடைச்சிருன்னு சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே அவன் சுவர் ஓரமாகத் தோண்ட ஆரம்பித்தான். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. முன்வாசலிலிருந்து கிளை எதுவும் வரவில்லை. சுவரிலிருந்து இறங்கிய குழாய் எங்கேயும் வளையாமல், எதனோடும் சேராமல், நேராக மண்ணுக்குள் போனது.

"இது லைனே இல்லக்கா. சும்மா மண்ணுல சொருவி வச்சிருக்கு." நெற்றியைத் துடைத்தான். "மேலருந்து சொருவுனா மண்ணு உள்ள ஏறி அடைச்சிருக்கும். இதுல ஒரு பொட்டு மண்ணு கெடையாது."

குழாயை ரம்பத்தால் அறுத்து, அடிப்பகுதியை ஆட்டி ஆட்டி உருவினான். அவன் உயரத்துக்கும் மேலே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நுனி வெளிவந்தபோது களிமண்ணில் 'ம்ப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெளிப்பக்கமெல்லாம் கருப்புச் சேறு. நுனி மட்டும் சுத்தமாக, ஈரமாக இருந்தது. மாரிராஜ் அதைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சூடா இருக்கு."

அவன் குழாயை மதிலில் சாய்த்துவைத்தான். ஜல்லியும் சிமெண்டும் கலந்து, துவாரத்தில் கொட்டி, கம்பியால் குத்தி இறக்கி, மேலே கரண்டியால் மட்டம் தட்டினான். கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

புறவாசல் அமைதியானது. அப்படி ஒரு அமைதியை அந்த வீட்டில் அவள் அதுவரை கேட்டதில்லை. பைபாஸில் போகும் லாரிகளின் இரைச்சல், எங்கோ கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் கம்பி வெட்டும் சத்தம், தூரத்துப் பள்ளிவாசலில் மகரிப் பாங்கு, எல்லாம் தனித்தனியாகக் காதில் விழுந்தன. இரண்டு டிரம்களையும் கவிழ்த்துவிட்டு, கதவைத் தாழிட்டு, லேசான மனசோடு அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள்.

"சமீ, சாப்பிட வா."

எட்டிப் பார்த்தாள்.

பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகளைத் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து. விசில் சத்தம் வரவில்லை. விலா குழியவில்லை. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்தன. உதடுகள் நீலம் பூத்துக்கொண்டிருந்தன.

அஃப்ரா அலமாரியின் மேல்தட்டைத் துழாவினாள். இன்ஹேலர். வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை உள்ளே போகவில்லை. மூடிய சுவரில் பட்டதுபோல் திரும்பி வந்து அவள் முகத்தில் அடித்தது. மறுபடி அழுத்தினாள். திரும்பி வந்தது.

"டீச்சர்! டீச்சர்!"

"என்னம்மா?" மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.

"பிள்ளைக்கு மூச்சு வரல! நூத்தெட்டுக்குப் போன் பண்ணுங்க!"

பிள்ளையைத் தோளில் போட்டாள். வாசலுக்கு ஓடத்தான் நினைத்தாள். நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை. டாக்டர் போட்ட படம். சின்னக் குழாய். அடைபட்ட சின்னக் குழாய்.

திரும்பினாள். புறவாசல் தாழை உதைத்தே திறந்தாள். பிள்ளையைப் படியில் கிடத்தினாள். வீடு கட்டியபோது மிஞ்சிய கடப்பாரை மதிலோரம் கிடந்தது. எடுத்தாள். குத்தினாள். கலவை இன்னும் முழுசாக இறுகவில்லை. குத்தினாள். ஜல்லி தெறித்தது. குத்தினாள். நகம் பிய்ந்தது தெரியவில்லை.

"அஃப்ரா, வண்டி வருது! வந்துக்கிட்டே இருக்கு! என்ன செய்யுத நீ? ஏ பிள்ள!"

கடப்பாரை வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. கைப்பிடி அளவு மட்டும் மிஞ்சியது. உருவிப் போட்டாள். மதிலில் சாய்ந்திருந்த குழாயை எடுத்தாள். சேற்றோடு, இரண்டு கைகளாலும். துவாரத்தில் வைத்து, உடல் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். இறங்கியது. இன்னும் அழுத்தினாள். இன்னும்.

குழாய் நின்றது.

கல்லில் முட்டவில்லை. களியில் சிக்கவில்லை. அடியில், அவள் கைகளுக்கு மிகத் தெளிவாகத் தெரியும்படி, ஏதோ ஒன்று நுனியைப் பற்களால் கவ்விப் பிடித்தது.

பிறகு காற்று வந்தது. சூடாக. நடவு முடிந்த வயலின் மணத்தோடு. குழாயின் வாயிலிருந்து நீளமாக வந்து, அவள் கழுத்தில் பட்டது. நின்றது. மெல்ல உள்ளே போனது.

"உம்மா."

அஃப்ரா நிமிர்ந்தாள். ஸமீஹா எழுந்து படியில் நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் நீலம் போய்விட்டது. முகம் தெளிந்திருந்தது. டீச்சர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிள்ளைக்குச் சரியாயிட்டு" என்று அழுதார். பைபாஸ் பக்கம் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. நெருங்கியது.

"வாம்மா. விடு அத. பிள்ளையத் தூக்கு."

அஃப்ரா விடவில்லை. மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூப்போட்ட சட்டை. கழுத்தில் தாயத்து. அது அசையவில்லை. சட்டை அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மூச்சு குழாயில் வந்துகொண்டிருந்தது. நீளமாக, சீராக, அவள் இரண்டு கைகளுக்கு நடுவே.