நவநீதாவின் சுழியம்

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் யாரும் முனகுவதில்லை. முனகிப் பயனில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. உள்ளே வந்ததும் நெற்றிப்பொட்டில் ஒரு வில்லையை ஒட்டுகிறார்கள். வில்லை நரம்புகளை ஒட்டுக்கேட்டு மேலே இருக்கும் திரையில் ஓர் எண்ணைச் சொல்கிறது. அதன் பெயர் நோவளவி. எண் நாற்பதைத் தாண்டினால் டாக்டர், கட்டில், ஊசி எல்லாம் உண்டு. தாண்டாவிட்டால் வீடு.

கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்ட ஓர் இளைஞனுக்கு எழுபத்தொன்று வந்தது. அவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, வழியில் நின்றவர்களை விலக்கி, மரியாதையாக உள்ளே கொண்டுபோனார்கள்.

அடுத்தவள் கலாமணி. அவளுக்குப் பதினான்கு.

"சீரகத் தண்ணி வச்சுக் குடிங்கம்மா," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

கலாமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. அன்று காலை குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தவளை மகள் நவநீதாதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தாள். இப்போது கலாமணி பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தில் நிறமே இல்லை.

"மிசினே சொல்லுது பாரு கண்ணு. நாந்தான் பெருசு பண்ணிப்போட்டேன். வா, போலாம்."

நவநீதா நகரவில்லை. அந்த மிசினை அவளுக்குத் தெரியும்.

மூன்று கோடைகளுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளுக்காக உயிர்ப்பொறியியல் முகாம் நடத்தியது. இயக்குநர் முனைவர் கனகசபாபதி. தொடக்க நாளன்று காலை முழுவதும் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசினார்; சாப்பாட்டு மணி அடித்திராவிட்டால் மாலையும் பேசியிருப்பார். குளுகுளு அறையில் இருபது மேதைகள். அதில் இலவச இடத்தில் வந்தவள் நவநீதா ஒருத்திதான்.

வலியை அளக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை. வில்லை வேலை செய்தது, எண்கள்தான் ஒத்துவரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒருவனுக்கு எட்டு, இன்னொருத்திக்குப் பத்தொன்பது. நரம்புக்கு நரம்பு இரைச்சல் வேறு. நிறைவு விழா நெருங்க நெருங்க கனகசபாபதிக்கே நோவளவி தேவைப்படும் போலிருந்தது.

அப்போதுதான் நவநீதா சொன்னாள்: "முதல்ல எல்லாரையும் சும்மா உக்கார வைப்போம் சார். அப்ப என்ன வருதோ அதுதான் அவங்களோட சுழியம். அதுக்கு மேல ஏறுறதுதான் வலி."

எண்கள் வரிசையில் வந்து நின்றன. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்ல அங்கே ஆளில்லை. எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கலாம் என்பது அந்த அறைக்குள் யாருக்கும் தோன்றவில்லை.

குல்ஃபி சாப்பிட்டுக்கொண்டே வில்லையை ஒட்டிப்பார்த்த பிரணவ் என்ற பையனுக்கு மட்டும் எண் சுழியத்துக்குக் கீழே இரண்டு புள்ளி இறங்கியது.

"சார், கீழ போகுதுங்க."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தத்துவம் வருகிறது என்று அர்த்தம். "வலிக்குக் கீழே என்ன இருக்கிறது, பிள்ளைகளே? ஆனந்தம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆனந்தத்துக்குத் திரையில் ஒரு பச்சைப் பூ வேண்டும் என்றார். நவநீதாதான் வரைந்தாள். ஐந்து இதழ். எந்தப் பச்சை என்று முடிவுசெய்ய அவளுக்கு அரை நாள் பிடித்தது.

நிறைவு விழாவில் பெற்றோர்களுக்கும் சுழியம் எடுத்தார்கள். கலாமணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வில்லையோடு நாற்காலியில் உட்கார்ந்தவள் இடுப்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"எப்பவும் இருக்கறதுதான் கண்ணு."

"எப்பவும் இருந்தா அது வலி இல்லம்மா," என்று சிரித்துக்கொண்டே நவநீதா பொத்தானை அழுத்தினாள்.

சுழியம் பதிவாயிற்று. நோவளவிக்கு முதல் பரிசு. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. சில கெட்டிக்காரர்கள் வரிசையில் முந்துவதற்காகச் சுழியத்தைத் திருத்த ஆரம்பித்ததும், ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே சுழியம்தான் என்று விதி வந்தது. விதிக்கு மாணவியின் பெயரையே வைத்துக் கௌரவித்தார்கள்.

இப்போது நவநீதா கவுன்ட்டருக்குப் போனாள். "எங்கம்மாவோட சுழியம் தப்புங்க. அன்னைக்கே அவங்களுக்கு வலி இருந்துச்சு. மாத்திக் குடுங்க."

"அது முடியாதுங்க அம்மிணி. நவநீதா விதி இருக்குதுல்ல."

"அந்த நவநீதா நாந்தாங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்படிங்களா. நீங்களே தப்புன்னு சொன்னா நாங்க யாரை நம்பறதுங்க?" பிறகு ஃபோனை எடுத்து, அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பெஞ்சுக்குத் திரும்பும்போது நவநீதாவுக்கு ஒன்று உறைத்தது. வலியைக் கொன்றுவிட்டால்? பழைய வலியும் சேர்ந்து போனால் எண் சுழியத்துக்குக் கீழே விழுந்தாக வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு விழுகிறதோ, அம்மா அவ்வளவு வலியைச் சுமந்திருக்கிறாள். திரையே சாட்சி சொல்லும்.

நர்ஸ் ஜெசிந்தாவிடம் மூச்சுவிடாமல் விளக்கினாள். நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வலியை மரக்கச்செய்யும் ஊசி கிடையாது. பெஞ்சைப் பிடித்திருந்த கலாமணியின் கைகளை ஜெசிந்தா பார்த்தாள்.

"கணக்கு எனக்குப் புரியலம்மா. ஊசி போடறேன். நான் போட்டேன்னு சொல்லாத."

எண் இறங்கத் தொடங்கியது. பத்து, நான்கு, சுழியம். எண் நிற்காமல் கீழே போயிற்று. இருபது. நாற்பது. அறுபத்து மூன்றில் நின்றது.

அந்தப் பக்கமாகப் போன டாக்டரை ஓடிப்போய்ப் பிடித்தாள். "பாருங்க டாக்டர். அம்மா இத்தனை வருசமா சும்மா உக்காந்திருக்கும்போதே இவ்வளவு வலி. ஸ்கேன் எடுங்க, உடனே."

டாக்டர் திரையைப் பார்த்தார். திரை முழுக்கப் பச்சைப் பூ விரிந்திருந்தது. கீழே 'ஆனந்தம் 63' என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் தானாகவே வாசிக்க ஆரம்பித்தது. அதுவும் கனகசபாபதியின் யோசனைதான்.

"பேரன் பொறந்த ஒருத்தருக்கு ஆறு வந்ததைப் பார்த்திருக்கேன்," என்றார் டாக்டர். "அறுபத்து மூணா. உங்கம்மா குடுத்து வச்சவங்க."

"அது சந்தோஷம் இல்ல டாக்டர்—"

"பூ வந்திருக்கேம்மா."

கலாமணியின் கோப்பைக் கணினி தானாக மூடிவிட்டது. இவ்வளவு நலமாக இருப்பவருக்கு ஆறு மாதம் பரிசோதனை தேவையில்லையாம். நவநீதாவின் ஃபோன் அடித்தது. செய்தி அதற்குள் கனகசபாபதிக்குப் போயிருந்தது. இந்த ஆண்டு முகாமுக்குக் குத்துவிளக்கேற்ற அம்மாவைத்தான் அழைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, ஆனந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் ஃபோனை அணைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும்தான் ஊசி தாங்கும்," என்று ஜெசிந்தா காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாதஸ்வரம் ஓயவில்லை. எண்ணுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள். கலாமணி பெஞ்சிலிருந்து கையை எடுத்திருந்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு முறை மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராக, முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு," என்றாள். "நீங்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்கறீங்களா?"