வெள்ளை பூத்த சென்சார்

வெள்ளிக்கிழமை, காலை 8.10.

பிணம் ஆட்காட்டி விரல் நீளம் இருந்தது. ஹாலிகன் கிராசிங் போலீஸ் நிலைய மேசையில், ஒரு தாளின் மேல் படுத்திருந்தது. கழுத்தில் மரை, வாலில் நாலு ஒயர். வண்டியில் ஏறி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“நீயே பாரு கெரின்,” என்றார் கிளினிக் வண்டி ஓட்டும் டூகல் ரென்னி. “புதுசு மாட்டுறேன்னு சொல்லிட்டு எங்கேயோ பொறுக்கின பழசை மாட்டியிருக்கான் அந்த விலி. நேத்து சாயந்திரம் நானே கழட்டினேன். மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு. புதுசு நாலு நாள்ல இப்படி ஆகுமா?”

சார்ஜென்ட் கெரின் வாலிஸ் முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஊருக்கு அவர் ஒருவர்தான் போலீஸ். சட்டென்று பதில் சொல்லிப் பல முறை மாட்டிக்கொண்டவர்.

விஷயம் இதுதான். ஆக்சிஜன் சென்சார் என்பது காரின் மூக்கு. புகைக்குழாயில் உட்கார்ந்து புகையை முகர்ந்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று எஞ்சினுக்குச் சொல்லும். மூக்கு செத்தால் எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். கிளினிக் வண்டியில் பத்து வருடம் ஓடிய பழைய சென்சார் பழுதாக, திங்கள்கிழமை மெக்கானிக் விலி புதிது மாட்டினான். வியாழக்கிழமை காலை, சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் பெரிய ஊருக்கு டயாலிசிஸ் போகும் ஐவி ஆன்ட்டியை ஏற்றிக்கொண்டு டூகல் கிளம்பினார். முப்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. போன் எடுக்காத இடம். மூன்று மணி நேரம் கழித்து ஒரு மாட்டு லாரி வந்தபோது ஐவி ஆன்ட்டிக்கு நினைவில்லை. விமானத்தில் கடற்கரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். மயிரிழையில் பிழைத்தார்.

ஊர் கொதித்துவிட்டது. விலியின் ஒர்க்‌ஷாப் இருக்கும் ஷெட் கவுன்சிலுக்குச் சொந்தம். அவனைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம் பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறது. டோங்காவிலிருந்து வந்து இரண்டு வருடமாக ஊரின் அத்தனை வண்டிகளையும் ஓட வைத்தவன், ஒரே நாளில் ‘அந்த விலி’ ஆகிவிட்டான். எனக்கு இந்த ஊரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இந்தப் புத்தியைச் சகிக்க முடியாது.

“பெட்ரோல் எப்ப போட்டீங்க, டூகல்?”

“திங்கக்கிழமை சாயந்திரம். டேங்க் நிறைய.”

“முள்ளைப் பாக்கலையா?”

“அந்த முள்ளு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாம் மனக்கணக்குதான். ஒரு டேங்க்ல ரெண்டு தடவை போயிட்டு வந்துடுவேன். ஆறு வாரமா அப்படித்தான் ஓட்டுறேன்.”

“எஞ்சின் எச்சரிக்கை விளக்கு?”

“செவ்வாய்க்கிழமையே திரும்ப எரிஞ்சுது. மாட்டினவன் லட்சணம் அப்படி. எரிஞ்சா எரியட்டும்னு ஓட்டினேன்.”

“எந்த வழியா போனீங்க?”

“பாலத்து வழிதான். மேல பேஞ்ச மழையில ஆத்துல தண்ணி பம்பர் உசரத்துக்கு ஓடுது. அதுல எறக்கினா கிளினிக்ல சாவியைப் பிடுங்கிடுவாங்க, உனக்குத் தெரியாததா?”

ஊருக்கே தெரியும். ஆற்றைக் கடந்தால் பெரிய ஊர் நூற்று நாற்பது கிலோமீட்டர். பாலத்தைச் சுற்றினால் இருநூறு. பெரிய ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால் இரண்டு வழியும் சேர்ந்துவிடும்; வண்டி நின்றது அதற்கும் அப்பால். நோயாளியை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது கிளினிக்கின் கண்டிப்பான உத்தரவு.

காலை 9.05.

கிளினிக் வண்டி போலீஸ் நிலையப் பின்கட்டில் நின்றது. லாரிக்காரர் இழுத்து வந்து விட்டிருந்தார். கெரின் ஒரு முறை சுற்றி வந்தார். மேலெல்லாம் செம்மண். முன் நம்பர் பலகையின் கீழ் விளிம்பு மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு, சென்சாரைத் தாளில் மடித்துப் பையில் போட்டு, விலியின் ஷெட்டுக்கு நடந்தார்.

அவன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருப்பான் என்று எதிர்பார்த்துப் போனவர் ஏமாந்தார். விலி ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

“நான் எங்கயும் போறதா இல்லை, சார்ஜென்ட்,” என்றது குரல். பிறகு ஆள் வெளியே வந்தான். ஆறடி மூன்று அங்குலம். “தப்புப் பண்ணியிருந்தா நானே பூட்டிட்டுப் போயிருப்பேன். பண்ணலை.”

“பழசை மாட்டினதா சொல்றாங்க.”

“பழசை அவர்கிட்டயே பையில போட்டுக் குடுத்தேன். எப்பவும் அப்படித்தான் குடுப்பேன். தூக்கிப் போட்டிருப்பாரு. இந்தாங்க, புதுசு வந்த அட்டைப்பெட்டி.”

பெட்டியின் மேல் ஒரு நம்பர். கெரின் தாளைப் பிரித்தார். சென்சாரின் கழுத்தில் பொறித்திருந்த நம்பரும் அதுவே. கடைசி இலக்கம் வரை.

“சரி, மாட்டினது புதுசுதான். நாலு நாள்ல ஏன் செத்துது?”

விலி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மாறியது.

“கறுப்பா இருந்தா புகைக்கரி. ரேடியேட்டர் தண்ணி உள்ள போயிருந்தா பச்சை தட்டும். இது மாவு பூசின மாதிரி சுத்த வெள்ளை. சிலிக்கோன். பசை காயறப்ப வர்ற ஆவி எஞ்சினுக்குள்ள போச்சுன்னா சென்சாருக்கு விஷம். யாரோ விஷம் வச்சிருக்காங்க.”

“உன் அலமாரியில சிலிக்கோன் டியூப் இருக்கே.”

“இருக்கு. அது சென்சாரை ஒண்ணும் பண்ணாத ரகம். மோந்து பாருங்க.”

கெரின் மூடியைத் திறந்து முகர்ந்தார். வாசனையே இல்லை.

“இதை நான் கூட்டத்துல சொன்னா, ‘மெக்கானிக்கிட்ட டியூப் இருக்கு, அவன்தான் பூசினான்’னு முடிச்சிடுவாங்க,” என்றான் விலி.

“முடிச்சிடுவாங்கதான். அந்த வண்டி ஒரு டேங்க்ல எவ்வளவு ஓடும்?”

“நல்ல நெலமையில அறுநூறு. அதுக்கு மேல சாமி வந்து தள்ளணும்.”

காலை 11.20.

கடற்கரை மருத்துவமனையில் ஒரு நர்ஸ் போனை ஐவி ஆன்ட்டியின் காதில் வைத்தாள்.

“யாரு, போலீஸா? நான் எதையும் திருடலை, மகளே. இங்க திருடறதுக்கு ஜெல்லியைத் தவிர ஒண்ணும் இல்ல.”

“உடம்பு எப்படி இருக்கு, ஆன்ட்டி?”

“உசுரு இருக்கு. டூகலைத் திட்டாதே. தன் தொப்பியை எனக்குக் குடுத்துட்டு மூணு மணி நேரம் வெயில்ல நின்னான், பாவம்.”

“எந்த வழியா போனீங்க?”

ஐவி ஆன்ட்டி இருமினார். “நான் தூங்கிட்டேன்.”

“செவ்வாய்க்கிழமை?”

“அன்னைக்கும் தூங்கிட்டேன். கண்ணைத்தான் மூட முடிஞ்சுது. மூக்கை மூட முடியலை. வண்டி பூரா வினிகர் வாசனை! வினிகர் போட்ட சிப்ஸ் பொட்டலத்தை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கேன்னு அவனைக் கேட்டேன். உப்பும் கூடாது, உருளைக்கிழங்கும் கூடாதுன்னு டாக்டர் சொன்ன பொம்பளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சிப்ஸ் வாங்குவானா ஒரு மனுஷன்? இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றான், புளுகன்!”

கெரின் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பிற்பகல் 1.15.

கெரின் வண்டியின் பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை விரலால் தடவினார். குனிந்து முகர்ந்தார். படம் எடுத்தார். அங்கே என்ன இருந்தது என்பதை மூன்று மணிக்குச் சொல்கிறேன்; கெட்டிக்கார வாசகர் அதற்குள் சொல்லிவிட்டிருப்பார்.

பிற்பகல் 3.00.

கவுன்சில் கூடத்தில் உட்கார இடமில்லை. தலைவி கொலீன் பிராண்ட் தீர்மானத்தை எடுத்தார். முதல் வரிசையில் டூகல், கையைக் கட்டிக்கொண்டு. கடைசியில் சுவரோரம் விலி, கிரீஸ் கறையோடு, நின்றபடி.

“ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பத்து நிமிஷம் வேணும்,” என்றார் கெரின். சென்சாரையும் அட்டைப்பெட்டியையும் மேசையில் வைத்தார். “ரெண்டுலயும் ஒரே நம்பர். விலி புதுசைத்தான் மாட்டியிருக்கான். அதைக் கொன்னது சிலிக்கோன் பசை.”

“மெக்கானிக் ஷெட்ல இல்லாத பசையா?” என்றார் டூகல். நாலைந்து தலைகள் ஆடின.

“இருக்கு. அதுக்கு வாசனை கிடையாது. கொன்ன பசைக்கு உண்டு. குளியலறை ஓரத்துல பூசுவோமே, அந்த ரகம். காயற வரைக்கும் வினிகர் நாத்தம் அடிக்கும். ஐவி ஆன்ட்டி செவ்வாய்க்கிழமை வழியெல்லாம் சிப்ஸ் தேடினாங்க. வண்டியில சிப்ஸ் இல்ல. பானெட்டுக்கு அடியில, ஏர் ஃபில்டர் பெட்டி மூடியைச் சுத்தி ஒரு விரக்கடை கனத்துக்குப் பசை இருந்தது. இன்னமும் இருக்கு. ஓரத்துல மோந்தா இப்பவும் நாறுது.”

எதற்காக அங்கே பசை பூசுவார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் இறங்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை அது. பாதிப் பேர் சொந்த வண்டியிலேயே செய்தவர்கள். டீசல் வண்டிகள், அவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. இது பெட்ரோல் வண்டி.

“நான் பாலத்து வழியா போனேன்னு சொன்னேனே,” என்றார் டூகல். குரல் இறங்கியிருந்தது.

“சொன்னீங்க. ஒரு டேங்க்ல ரெண்டு தடவை போயிட்டு வருவேன்னும் நீங்கதான் சொன்னீங்க. பாலத்து வழியில அது எண்ணூறு கிலோமீட்டர். அந்த டேங்க் அறுநூறைத் தாண்டாது. ஆத்து வழியில ஐந்நூத்தி அறுபது. கணக்கு கச்சிதமா வருது. ஆறு வாரமா ஆத்துலதான் போயிட்டு வந்திருக்கீங்க. போன வாரக் கடைசியில தண்ணி ஏறிச்சு. திங்கக்கிழமை சாயந்திரம் பசை பூசினீங்க. காயறதுக்குள்ள செவ்வாய்க்கிழமை காலையில வண்டியை எடுத்தீங்க. எஞ்சின் அந்த ஆவியைத்தான் மூச்சா இழுத்தது. ஆத்துத் தண்ணி உங்க நம்பர் பலகையை உள்பக்கமா மடக்கியிருக்கு. மண்ரோடு அதைச் செய்யாது. ஐவி ஆன்ட்டியை நடுவழியில நிக்க வச்சது நீங்க, டூகல்.”

டூகல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“பாலத்து ரோடு பூரா அலையலையா மேடு பள்ளம்,” என்றார். “டயாலிசிஸ் முடிஞ்சு திரும்பறப்ப அதுல போனா ஐவி வழியெல்லாம் வாந்தி எடுப்பா. அழுவா. என்னால பாக்க முடியலை. ஆத்து வழியில ஒண்ணேகால் மணி நேரம் மிச்சம். பசை சென்சாரைக் கொல்லும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அது உங்களுக்குத் தெரியாதுதான்,” என்றார் கெரின். “ஆத்துல எறங்கினது தெரியும். அதை மறைக்கத்தான் நேத்திலேருந்து விலி பேரைச் சொல்லிட்டு இருக்கீங்க.”

டூகல் சட்டைப் பைக்குள் கை விட்டார். சாவியை எடுத்து கொலீன் முன்னால் வைத்தார். தீர்மானத் தாளை கொலீன் இரண்டாகக் கிழித்தார். யாரும் கை தட்டவில்லை. தட்டும் தைரியம் யாருக்கும் இல்லை.

டூகல் சுவரோரம் போனார். “விலி, என்னை மன்னிச்சுடுப்பா.”

“என்கிட்ட மெதுவா சொன்னா போதாது, மிஸ்டர் ரென்னி,” என்றான் விலி. “மளிகைக் கடையில சொன்னீங்க. போஸ்ட் ஆபீஸ்ல சொன்னீங்க. பப்ல சொன்னீங்க. என் பொண்ணு ஸ்கூல்லேருந்து அழுதுக்கிட்டே வந்தா. எங்கெல்லாம் சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய்ச் சொல்லுங்க. சத்தமா.”

கெரின் போய்க் கூடத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

3.50க்கு டூகல் மளிகைக் கடைக்குள் போனார். 4.15க்கு போஸ்ட் ஆபீஸ். 4.40க்குப் பள்ளிக்கூட வாசல். அங்கே அவர் விலியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, இருந்தும் போனார். 5.30க்கு பப் கதவைத் தள்ளினார். வெள்ளிக்கிழமைக் கூட்டம். அவருக்குப் பிடித்த இடத்தில் வழக்கமான கிளாஸ் தயாராக இருந்தது. அதைத் தொடாமல், தொப்பியைக் கழற்றி, பாட்டை நிறுத்தச் சொன்னார். அறுபத்தாறு வயதில் அந்த ஊரில் அவர் யார் முன்னாலும் தொப்பி கழற்றி நின்றதில்லை.

“விலி புதுசைத்தான் மாட்டினான்,” என்றார். “சரியாத்தான் மாட்டினான். தப்பு என்னுது. பொய்யும் என்னுது.”

பின்னாலிருந்து யாரோ, “கேக்கலை, டூகல்,” என்றார்கள்.

அவர் இன்னும் சத்தமாக, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி சொன்னார்.