ஆமென் சொல்லாத ஜெபம்

கெசியா எப்படி ஜெபிப்பாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கண்ணை மூடுவாள். "ஏசப்பா, எங்களை ஆசீர்வதியும், ஆமென்" என்பாள். கண்ணைத் திறந்துவிடுவாள். மற்றவர்கள் அப்போதுதான் முழங்காலே போட்டிருப்பார்கள்.

"பொதிகை எக்ஸ்பிரஸ்கூட நம்ம ராஜபாளையத்துல செத்த நேரம் நிக்கும். இந்தப் பிள்ளை நிக்கவே மாட்டேங்கு" என்று பக்கத்து வீட்டுக் கிருபாபாய் அத்தை கேலி செய்வார்.

அத்தை பேர் வாங்கியது அவருடைய ஆமெனுக்கு. யார் ஜெபித்து முடித்தாலும் அவர் ஒரு ஆமென் போடுவார். தெருமுனையில் படுத்திருக்கும் நாய், அதைக் கேட்டு எழுந்து உட்காரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெசியா வீட்டில் ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து நடத்துவார்கள். முறை வந்தபிறகு தள்ளிப்போட அம்மாவுக்கு மனசு வராது.

தள்ளிப்போட்டிருக்கலாம் என்று கெசியாவுக்குத் தோன்றியது. அப்பா பெலிக்ஸ் லாரியில் பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். தம்பி விமலுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போதுதான் விட்டிருக்கிறது. அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லிலோ ஆள் குறைவு. ஒரு ஷிப்டு முடித்தவரையே அடுத்த ஷிப்டுக்கும் நிற்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை அம்மா தோசை சுடும்போதே கண்ணசந்து, கல்லில் கையை வைத்துவிட்டார்.

அடுப்படியிலேயே இப்படி என்றால், ஓடுகிற மெஷினுக்கு முன்னால் கண்ணசந்தால் என்ன ஆகும்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து கெசியா அம்மாவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, செத்த நேரம் படுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"நான் படுத்தா சுண்டலை யாரு தாளிக்க? ஆளுக வந்திருவாக. பொறவு படுக்கேன்."

கூட்டம் முடிந்தால் பாத்திரம் கிடக்கும். பாத்திரம் முடிந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதுவும் முடிந்தால் மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா சொல்லும் அந்தப் 'பொறவு' ஒருநாளும் வந்ததில்லை.

உபதேசியார் சௌந்தரபாண்டியன் வந்தார். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிப்பது அவர் வேலை. நல்ல மனுஷர். ஆனால் ஜெபத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. அவர் ஆமென் சொல்வதற்குள் அரைத்து வைத்த மாவு பொங்கிவிடும் என்று அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று அவர் வாசித்தது, சுமை சுமந்து களைத்துப்போனவர்களை எல்லாம் இயேசு தம்மிடம் கூப்பிட்டு, இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன பகுதி. கெசியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கென்றே சொன்னதுபோல இருந்தது. கேட்டதும் அம்மா என்ன செய்தார் தெரியுமா? எழுந்துபோய்ச் சுண்டலுக்கு மூடி போட்டுவிட்டு வந்தார்.

"வீட்டுக்காரங்க சார்பா கெசியா ஜெபிச்சு முடிக்கட்டும்" என்றார் உபதேசியார்.

"அப்ப சுண்டல் வந்தாச்சுன்னு வைங்க" என்றார் கிருபாபாய் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். விமல் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அம்மா கட்டிலோரமாக முழங்கால் போட்டு, மெத்தையில் கைகளை மடக்கி, அதன்மேல் தலையை வைத்தார்.

"ஏசப்பா, எங்களை ஆசீர்வதியும்..." என்றாள் கெசியா.

அப்போது புஸ், புஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அம்மா தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு வாரமாக நெற்றியில் இருந்த சுருக்கத்தைக் காணவில்லை.

ஆமென் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் ஆமென் சொன்னால் அத்தையும் ஆமென் சொல்வார். அத்தை சொன்னால் அம்மா எழுந்துவிடுவார். எழுந்தால் மறுபடி பாத்திரம், தண்ணீர், மில் வேன்.

கெசியா ஆமெனை விழுங்கினாள்.

"அப்புறம் ஆண்டவரே, அப்பா ஓட்டுற லாரியை ஆசீர்வதியும். அதோட எல்லா டயரையும் ஆசீர்வதியும். விமலுக்குக் காய்ச்சல் விட்டதுக்கு ஸ்தோத்திரம். அவன் மாத்திரையைத் துப்புனதை மன்னியும்."

"ஒண்ணுதான் துப்புனேன்" என்று முணுமுணுத்தான் விமல்.

கிருபாபாய் அத்தை ஆமென் சொல்ல மூச்சை இழுத்தார்.

"அப்புறம்" என்றாள் கெசியா அவசரமாக. "பிளவக்கல் டேம்ல தண்ணி நிறையட்டும். தளவாய்புரத்துச் சித்தியை ஆசீர்வதியும். சித்தி வீட்டு ஆட்டையும் ஆசீர்வதியும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுறவங்களுக்குக் கை வலிக்காம இருக்கட்டும்."

அவளுக்கு முழங்கால் வலித்தது. ஆனாலும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே ஜெபித்தாள். ஜெபிப்பதற்கு உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தது பாண்டிசெல்வி அக்கா. அம்மாவோடு மில்லில் வேலை பார்ப்பவர். கையில் செல்போன் இருந்தது. ராத்திரி ஷிப்டுக்கு அம்மாவைக் கூப்பிடத்தான் வந்திருப்பார். அக்கா வாயைத் திறந்தார்.

"ஏசப்பா" என்றாள் கெசியா, இரண்டு கண்ணையும் திறந்து அக்காவையே பார்த்தபடி. "வாசல்ல பாண்டிசெல்வி அக்கா நிக்காக. அவுகளையும் ஆசீர்வதியும். எதுக்கு வந்திருந்தாலும் எங்க அம்மாவை எழுப்பாம இருக்க அவுகளுக்கு நல்ல மனசு தாரும். அம்மாவுக்கு ரொம்ப அசதி. கையைச் சுட்டுக்கிட்டாக. எனக்குப் பயமா இருக்கு."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அது ஜெபத்தை நீட்டுவதற்காகச் சொன்னது இல்லை.

ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். கெசியாவைப் பார்த்தார்கள், கட்டிலோரம் தூங்கும் அம்மாவைப் பார்த்தார்கள். பாண்டிசெல்வி அக்கா சத்தமில்லாமல் படி இறங்கி, செல்போனை வாயோடு சேர்த்துப் பிடித்து மில்லுக்குப் பேசினார்.

"கெசியா அம்மா இன்னிக்கு வரமாட்டாக, சார். ஆமா, வேற ஆள் பாத்துக்கிடுங்க."

கெசியாவுக்கு ஜெபிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. உபதேசியாரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மைக் இல்லாமலே சர்ச்சின் கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல் அவருடையது. அந்தக் குரலில் அவர் ரகசியம் சொல்வதுபோல ஜெபித்தார். ஜெபம் நீளம் என்று அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

கிருபாபாய் அத்தையும் பாண்டிசெல்வி அக்காவும் அம்மாவை மெதுவாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

"சுண்டல்..." என்று முனகினார் அம்மா.

"அதை நாங்க பாத்துக்கிடுதோம். நீ உறங்கு, தாயி" என்றார் அத்தை. அத்தைக்கு இவ்வளவு மெதுவாகப் பேசவும் வரும் என்பது கெசியாவுக்குப் புதுச் செய்தி.

சுண்டல் தட்டுகள் சத்தமில்லாமல் கை மாறின. பாண்டிசெல்வி அக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். குழாயில் தண்ணீர் வந்ததும் கெசியாவும் அத்தையும் குடங்களை நிறைத்தார்கள். பிறகு பாட்டும் இல்லாமல் ஆமெனும் இல்லாமல், ஆளாளுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அம்மா கண் விழித்தபோது விடிந்திருந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, மில் வேன் வந்துச்சா?"

"வரல. நீங்க வரமாட்டீகன்னு பாண்டிசெல்வி அக்கா சொல்லிட்டாக."

அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நிறைந்த குடங்களைப் பார்த்தார். கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஜெபத்துல போய் உறங்கிட்டேனே. ஆண்டவர் என்ன நினைப்பாரு?"

கெசியா கொஞ்சம் யோசித்தாள். "ஏசப்பாவும் புயல் அடிக்கும்போது படகுல உறங்குனாருல்லாம்மா. தலையணைகூட வச்சுக்கிட்டாரு. அசதின்னா என்னன்னு அவருக்குத் தெரியாதா?"

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மாவின் முகம் தெளிந்திருந்ததைப் பார்க்கக் கெசியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எம்புட்டு நாளாச்சு இப்படி உறங்கி" என்றார் அம்மா. "இனிமே ரெண்டு ஷிப்டு சேந்தாப்புல நிக்க மாட்டேன். இன்னிக்கே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிருதேன். ஆமா, ஜெபத்தை யாரு முடிச்சா?"

"யாரும் முடிக்கல. ஆமென் சொன்னா நீங்க முழிச்சிருவீகன்னு அப்படியே விட்டுட்டோம். அது உங்களுக்குத்தான் மிச்சம் இருக்கு."

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். கெசியாவும் மூடினாள்.

"உறங்க வச்சதுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்றார் அம்மா. "ஆமென்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேற்று அடக்கி வைத்ததையும் சேர்த்து, கிருபாபாய் அத்தை ஒரு ஆமென் போட்டார்.

தெருமுனையில் நாய் எழுந்து உட்கார்ந்தது.