வெட்டின காட்டு மண்

1998 மார்ச் கடைசி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. புனே கேம்ப் பக்கம் இருந்த மண் ஆய்வுக்கூடத்தில் வனஜா பரிசோதனை முடிவைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மரம் வெட்டின மலைச்சரிவு மண்ணில், வெட்டாத காட்டைவிடப் பொட்டாஷும் சுண்ணாம்பும் இரண்டு மடங்கு.

நடக்காத காரியம். காண்டிராக்டர் அங்கே அடிமரத்தோடு பட்டை, கிளை, தழை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டான். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது. பச்சைக் கிளை என்ன கனம் என்று தோளில் சுமந்தவனுக்குத் தெரியும். திங்கட்கிழமை இந்த முடிவு வன அதிகாரிகளிடம் போனால் பக்கத்து மலையையும் மொட்டையடிப்பார்கள். வனஜாவின் ஆராய்ச்சியும் அதோடு சரி.

செக்யூரிட்டி அதிகாரி கிருஷ்ணஸ்வாமி வந்தார். ராணுவப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நைட்ரஜன் மட்டும் ஏறல சார். யாரோ சாம்பல் கலந்திருக்கா. முகுந்த்தான். இந்த ப்ராஜெக்ட் தனக்கு வரும்னு இருந்தவன்," என்றாள் வனஜா.

உடன் வேலை செய்யும் முகுந்த் அங்கேயே நின்றான். "வயிறு எரிஞ்சது நிஜம். ஆனா நான் செஞ்சிருந்தா நைட்ரஜனையும் ஏத்தியிருப்பேன். அரைகுறை வேலை எனக்கு வராது."

மண்ணைக் காயவைத்துச் சலிப்பவள் செல்வமேரி. சல்லடையில் தங்கினதை ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். கிருஷ்ணஸ்வாமி கிளறினார். கருகின கொட்டாங்கச்சிச் சில்லு. ஹோலி நெருப்பில் இந்த ஊர்க்காரர்கள் தேங்காய் போடுவார்கள்.

ஹோலிக்கு மறுநாள் லீவு; தட்டுகளில் மண் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு யார் வந்தார்கள் என்று கேட்டார். இதே மூன்று பேர்தான் என்றாள் மேரி. மத்தியானம் வனஜாவின் வீட்டுக்காரர் பத்ரி நிக்டி காலனி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாராம். மேடம் ஃபோன் பேசி முடிக்கும்வரை இங்கேதான் நின்றாராம்.

கிருஷ்ணஸ்வாமி ஆறு தட்டுகளையும் பார்த்தார். நம்பர் மட்டும்தான் இருந்தது.

"எது எந்தக் காடுன்னு சோதிக்கறவாளுக்குத் தெரியப்படாது சார்," என்றாள் வனஜா. "தெரிஞ்சா கை தானாச் சாயும்."

"முகுந்துக்கு?"

"தெரியாது."

"மேரிக்கு?"

"தெரியாது."

"ஆனா சாம்பல் விழுந்தது வெட்டின காட்டுத் தட்டு மூணுலயும், அதுல மட்டும். ஆத்துல யார்கிட்ட சொன்னே?"

"அவர்கிட்ட மட்டும்தான்," என்றாள் வனஜா.

பாங்கிலிருந்து பத்ரியை வரவழைத்தார்கள். கிருஷ்ணஸ்வாமி சில்லை மேஜையில் வைத்து, காலனி ஹோலிச் சாம்பலைக் கலந்தது நீதான் என்றார். பத்ரி மறுக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் முகுந்தோடு ஜீப்பில் மலைக்குப் போகிறாள், வீட்டுக்கு வந்தாலும் அவன் பேச்சுதான், இந்த ஆராய்ச்சி நின்றால் வீட்டில் இருப்பாள் என்றான்.

"மரத்துச் சத்தெல்லாம் சாம்பல்ல இருக்கும்னு நீதானே சொன்னே?" என்று வனஜாவைக் கேட்டான்.

"நைட்ரஜன் புகையாப் போயிடும்னும் சொன்னேன். அது முகுந்த் கண்டுபிடிச்சதுன்னு ஆரம்பிச்சேன். அதோட நீங்க காது குடுக்கறதை நிறுத்திட்டேள்."

மலையில் மண் இருந்தது; திங்கட்கிழமைக்குள் புதிதாக எடுத்துச் சோதிக்கலாம். கோடை மண், சீக்கிரம் காயும். வனஜா பைகளையும் கடப்பாரையையும் எடுத்தாள்.

"கூட யார் வர்றா?" என்றான் பத்ரி.

அதுவரை தனியாகப் போகத்தான் நினைத்திருந்தாள்.

"முகுந்த், வண்டியில ஏறு," என்றாள்.